முன்பாரம், பின்பாரம்

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர் பேச்சு சூதாட்டத்திற்குத் திரும்பிவிடுகிறது. அது நியாயமே. பணயத்தில் பொருளிழந்த குடும்பங்களின் கண்ணீரை நாம் அறியாதவரல்லர். பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் சட்டம் இயற்றியதும், அது சூதன்று, திறமை சார்ந்த ஆட்டமே என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2024 செப்டம்பரில் அரசு கிண்டித் திடலின் குத்தகையை இரத்து செய்து முத்திரை வைத்ததும் பலரும் அறிந்த செய்திகள். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது வேறொன்றை: அந்தக் குதிரை முதுகில் ஏற்றப்படும் எடையை.

'ஹேண்டிகேப்' எனும் பந்தய வகையில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. முன்னர் வென்ற வலிய குதிரைக்கு மிகுதி, நலிந்ததற்குக் குறைவு. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து குறித்த எடைக்கு வராவிட்டால் ஈயத் தகடுகளைச் செருகுவர். ஓட்டத்திற்கு முன்னும் தராசு, பின்னும் தராசு. எடை குறைந்தால் பெற்ற வெற்றியும் பறிபோகும். ஜாக்கிகள் பட்டினி கிடந்து உடலை வற்றச் செய்வதும் இந்தத் தராசுக்கு அஞ்சியே.

ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு கிலோ கூடினால் ஏறத்தாழ ஒரு குதிரை நீளம் பின்தங்கும் என்பது எடை வகுப்போரின் பழைய கணக்கு. ஐந்நூறு கிலோ விலங்குக்கு ஒரு கிலோ ஒரு பொருட்டா? ஆனால் குதிரை நீளம் என்பதும் 1600 மீட்டரில் இரண்டரை மீட்டர் அளவே. இரண்டும் ஒத்த சிறு பங்குகள்தாம். தூரம் நீண்டால் அதே எடை இன்னும் மிகுதியாக இழுக்கும். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற மெல்போர்ன் கோப்பையில் 'பார் லாப்' எனும் குதிரை 1930-இல் 62.5 கிலோ சுமந்து வென்றது. மறு ஆண்டு அதன் முதுகில் 68 கிலோ ஏற்றினர், எட்டாவதாக வந்தது. இதைச் சமத்துவம் எனப் போற்றுவாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. யார் வெல்வர் என்று பணம் கட்டுவோர் எளிதில் கணித்துவிடாதபடி செய்யும் ஏற்பாடு அது. நலிந்த குதிரையின்மேல் இரக்கம் கொண்டு செய்ததன்று.

எடை எவ்வளவு என்பதோடு முடியவில்லை. எப்படி அமர்ந்திருக்கிறது என்பதும் உண்டு. பழைய ஜாக்கிகள் நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினர். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கவடியைக் குறுக்கிக்கொண்டு, முதுகில் அமராமல் குனிந்து நிற்கும் முறை பரவியது. பந்தய நேரம் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறைந்தது. காரணத்தை 2009-இல் இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் ஆய்ந்து வெளியிட்டனர். ஜாக்கியின் எடையைக் குதிரை அப்போதும் தாங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவர் உடலை முன்னும் பின்னும் மேலும் கீழும் உலுக்கிச் செல்லும் வேலை அதற்கு இல்லை. அந்த அசைவைத் தம் கால்களிலேயே அவர் வாங்கிக்கொள்கிறார்.

இதைக் கேட்டால் நம் ஜட்கா வண்டிக்காரர்கள் சிரித்திருப்பார்கள். திண்டுக்கல் சாலை வழியே விளாங்குடியிலிருந்து மதுரைக்குள் வண்டி ஓடிய காலத்தில், ஆட்கள் ஏறியதும், "ஐயா, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்பார்கள். பின்பாரமானால் ஏர்க்கால் மேலெழுந்து குதிரையைத் தூக்கும். முன்பாரமானால் முதுகை அழுத்தும். ஏறிய ஆட்கள் அதே நால்வர்தாம். அவர்கள் அமரும் இடத்தைப் பொறுத்துக் குதிரையின் பாடு மாறும். தராசில்லாமல், ஏர்க்காலில் கைவைத்தே அதை அறிந்தனர்.

பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் நம் நாட்டில் 1965-இல் விதிகள் வந்தன. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்பது வரம்பு. கொடைக்கானல் மலைச்சரிவில் சாலை எட்டாத வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசியும் உப்பும் தலைமுறைகளாகக் குதிரை முதுகில்தான் ஏறின. ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. பொதி சரியாமலிருக்க இருபுறமும் ஒவ்வொன்று வேண்டும்; அப்போதே நூறாகிவிடுகிறது. மலையடிவாரத்தில் எடை பார்க்க நிற்பவரை நாம் ஒருநாளும் கண்டதில்லை.