கேட்கத் தெரிந்த சிப்

விக்கிரவாண்டி, திண்டிவனம், முண்டியம்பாக்கம் வட்டாரத்தில் லேன் கேபிள் இழுத்து, கிரிம்ப் அடித்து, கேமராவும் ஸ்விட்ச்சும் மாட்டிக் கொடுப்பது என் தொழில். திருச்சி நெடுஞ்சாலையில் எங்கள் ஊர் டோல்கேட்டில் காத்திருப்பவர்கள் தடுப்புக் கட்டை எப்போது தூக்கும் என்று பார்ப்பார்கள். நான் பூத்திலிருந்து இறங்கும் கேபிளைப் பார்ப்பேன். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்த செய்தி கட்டை தூக்குவதற்குள் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

லேன் கேபிள் எதுவானாலும் அதன் இரு முனையிலும் மாட்டிய கருவிக்குள் ஒரு சின்ன சிப் உட்கார்ந்திருக்கும். ஃபை என்போம். கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யங்களைக் கம்பியில் ஓடும் வோல்ட்டேஜாக மாற்றுவதும், வந்த வோல்ட்டேஜைத் திரும்ப ஒன்று, பூஜ்யமாக்குவதும் அதன் வேலை. அனுப்புவது அதற்குப் பெரிய பாடில்லை. கேட்பதில்தான் அதன் திறமை எல்லாம் இருக்கிறது.

கம்பிகளை ஜோடியாக முறுக்கும் யோசனை டெலிபோன் காலத்தது. கிரகாம் பெல் 1881இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கம்பியில் வோல்ட்டேஜ் ஏறினால் அதன் ஜோடியில் அதே அளவு இறங்கும். மறுமுனைச் சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பக்கத்து மோட்டாரின் இரைச்சல் வந்து விழுந்தால், முறுக்கு இருப்பதால் இரு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும், கழித்ததும் மறைந்துவிடும். நான்கு ஜோடிகளுக்கும் முறுக்கின் நெருக்கம் வெவ்வேறு. ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததில் சேராமலிருக்க அந்த ஏற்பாடு. கனெக்டரில் நுழைக்கும் இடத்தில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது தரவிதி. வேலை பழக வரும் பையன்களிடம் நான் விட்டுக்கொடுக்காத விதி இது.

100 மெகாபிட்டில் இரண்டு ஜோடி போதும். ஒன்றில் அனுப்பும், ஒன்றில் கேட்கும். 1999இல் தரமாக்கப்பட்ட கிகாபிட்டில் கதையே வேறு. நான்கு ஜோடியிலும், ஒரே நேரத்தில், இரு திசையிலும் பேச்சு நடக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடிக் குறியீடுகள், ஐந்து வோல்ட்டேஜ் நிலைகள். ஒரு குறியீடு இரண்டு பிட் சுமக்கும். நான்கு ஜோடியையும் கூட்டினால் 100 கோடி பிட். ஐந்தாவது நிலையால் கிடைக்கும் உபரி, பிழை திருத்தப் பயன்படுகிறது. ஒரு குறியீட்டின் காலம் 8 நானோநொடி. அதற்குள் சிக்னல் கேபிளில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியிருக்கும். ஆக 100 மீட்டர் கேபிளில், கடைசிக் குறியீடு புறப்படும்போது முன்னால் போன அறுபது குறியீடுகள் இன்னும் வழியில் இருக்கும்.

அதே கேபிளில் எதிர்முனையின் பேச்சும் வந்துகொண்டிருக்கிறது, மெலிந்துபோய். 100 மெகாஹெர்ட்சில் 100 மீட்டர் கேட்-5ஈ கேபிளுக்கு 22 டெசிபல் இழப்பு வரை அனுமதி. வோல்ட்டேஜ் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தவிலைத் தானே ஓங்கி அடித்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் நிற்பவரின் முணுமுணுப்பை எழுத்துப் பிசகாமல் கேட்பது போன்ற காரியம் இது. தான் அனுப்பியது என்ன என்று சிப்புக்குத் தெரியும். அதன் எதிரொலியையும், மற்ற மூன்று ஜோடிகளிலிருந்து கசிவதையும் கணக்கிட்டுக் கழித்து, மிச்சத்தைப் படிக்கிறது. நொடிக்கு 12.5 கோடி முறை. எத்தனை வருஷமானாலும் எனக்கு இது வியப்புத்தான்.

இவ்வளவு பொறுமையான சிப் இருப்பதாலேயே எங்கள் தொழிலில் அலட்சியம் மறைந்துகொள்கிறது. ஒரு அரிசி ஆலையில் எடைமேடைக் கேமராவின் படம், அரவை மோட்டார் ஓடும்போதெல்லாம் உறைந்து நின்றது. "டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியுதே தம்பி, கேமராதான் போச்சு" என்றார் கணக்குப்பிள்ளை. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தேன். முன்பு கேபிள் போட்டவர், ஆரஞ்சு ஜோடிக்குப் பிறகு பச்சையைக் கனெக்டரின் 3, 4ஆம் பின்களிலும், நீலத்தை 5, 6ஆம் பின்களிலும் அழகாக அடுக்கியிருந்தார். சிக்னலுக்கு வேண்டிய ஜோடியோ 3ம் 6ம். பச்சையில் ஒரு கம்பியும் நீலத்தில் ஒரு கம்பியும் சேர்ந்து ஓடியதால், அவற்றுக்கிடையே முறுக்கே இல்லை. மோட்டார் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழாததால் கழித்தும் மறையவில்லை. "அண்ணே, லைட்டு கம்பி இருக்கான்னு மட்டும்தான் சொல்லும், எதோட எது முறுக்கியிருக்குன்னு சொல்லாது" என்று சொல்லி, பச்சையைப் பிரித்து 3லும் 6லும், நடுவில் நீலத்தையும் வைத்து இரு முனையிலும் புதிதாகக் கிரிம்ப் அடித்தேன். மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம். படம் ஓடியது.

விலை குறைந்ததென்று அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிளை வாங்குபவர்கள் உண்டு. மின்தடை கூடும், கேமராவுக்கு அதே கம்பியில் கரண்டும் போனால் தூரத்தில் வோல்ட்டேஜ் பற்றாது. நான் அதைத் தொடுவதில்லை.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு, மண்ணுக்குள் பைப்பில் போன கேபிள்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. ஈரம் புகுந்த இடத்தில் கேபிளின் தன்மை மாறி, சிக்னல் அங்கேயே மோதித் திரும்பும். ஃபை சிப் அதையும் கேட்கும். ஒரு துடிப்பை அனுப்பி, திரும்பி வர எடுத்த நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்லும். மீட்டருக்குப் போக வர சுமார் 10 நானோநொடி. ஒரு தோட்ட வீட்டில் ஸ்விட்ச்சின் கேபிள் சோதனை இரண்டாவது ஜோடியில் 38 மீட்டர் என்று காட்டியது. டேப் பிடித்து அளந்து தோண்டினால், பைப் இணைப்பு விட்டுப்போய்ச் சேறு நிறைந்திருந்தது. நடுவில் ஒட்டுப்போடாமல் ஜெல் நிரப்பிய வெளிப்புறக் கேபிளை முழு நீளத்துக்கும் புதிதாக இழுத்தோம். அன்று இரவு முழுக்க லோடு கொடுத்துவிட்டு, காலையில் ஸ்விட்ச்சில் பிழை எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்த பிறகே பில் எழுதினேன்.