கிழட்டுத் தும்பிகளின் ஊழியம்

பழைய பொருளுக்கு உலகத்தார் பெரும்பாலும் இரண்டு கதிகளையே விதித்திருக்கிறார்கள். ஒன்று, பொருட்காட்சிசாலையில் வைத்து வேடிக்கை பார்ப்பது. மற்றொன்று, பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுவது. துடைத்து, எண்ணெய் விட்டு, மறுநாளும் அதனிடம் வேலை வாங்குவது என்று மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பாட்டியின் தையல் யந்திரத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இது தெரியும். ஆனால் தையல் யந்திரம் தரையில் இருப்பது. நின்றுபோனால் நூல்தான் அறும். ஆகாயத்தில் பறக்கும் யந்திரத்திலேயே இந்த மூன்றாவது வழியைக் கடைப்பிடிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாஷிங்டன் என்று ஒரு ராஜ்யம் உண்டு. (அந்நாட்டின் தலைநகரம் வேறு, அது கிழக்கே இருக்கிறது.) அந்த ராஜ்யத்தில் வெனாட்சி என்னும் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் செர்ரிப் பழத் தோட்டங்கள் ஏராளம். ஜூன், ஜூலை மாதங்களில் பழம் கனிகிறது. அச்சமயம் மழை பெய்துவிட்டால் வந்தது மோசம்! காம்படியிலுள்ள குழியில் நீர் தேங்கி, தோலின் வழியே உள்ளே ஊறுகிறது. சதை பெருத்துத் தோல் வெடித்துவிடுகிறது. வெடித்த பழத்தை யார் வாங்குவார்கள்? களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் நம் குடியானவருக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை. நெல்லையாவது ஓடிப்போய்க் குவித்து மூடலாம். தோட்டம் முழுவதற்கும் கூரை போடுவது எல்லோராலும் ஆகிற காரியமா?

ஆகவே, மழை விட்டதும் தோட்டக்காரர் ஹெலிகாப்டரை அழைக்கிறார். அது மரங்களின் உச்சிக்குச் சில அடி உயரத்தில், வரிசை வரிசையாக, மெதுவாக ஊர்ந்து செல்கிறது. அதன் விசிறி கீழ்நோக்கித் தள்ளும் காற்றில் இலைகள் புரண்டு, பழத்தின்மேல் நின்ற நீர் உதிர்ந்துவிடுகிறது. இந்த வேலைக்கு இக்காலத்துச் சிறிய ஹெலிகாப்டர்கள் பல வருகின்றன. அவற்றுக்கு நடுவே, பருத்த தலையும் மெலிந்த வாலுமாக, எழுபது வயதை ஒட்டிய கிழட்டுத் தும்பிகளும் சில வருகின்றன. எஸ்-55, எஸ்-58 என்பவை அவற்றின் பெயர்கள்.

இவற்றைப் படைத்தவர் இகோர் ஸிகோர்ஸ்கி. 1889-ல் கீவ் நகரில் பிறந்து, ருஷியப் புரட்சிக்குப் பின் 1919-ல் அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய எஸ்-55 முதன்முதலாக 1949-லும், அதனினும் பெரிய எஸ்-58 1954-லும் பறந்தன. எஸ்-58-ன் குலப்பெருமை சாதாரணமானதன்று. 1961 மே 5-ந் தேதி, விண்வெளிக்குச் சென்று திரும்பிய முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டைக் கடலிலிருந்து தூக்கி வந்தது இந்த இனத்து ஹெலிகாப்டரே. விண்வெளி வீரரைச் சுமந்த குலம் இன்று செர்ரிப் பழத்துக்கு விசிறி வீசுகிறது! இதைத் தாழ்வு என்று நாம் நினைக்கவில்லை. மழையில் ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் போய்விடாமல் காப்பதும் பெரிய காரியந்தான்.

இவற்றின் இருதயம் ரேடியல் எஞ்சின். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல், நடுவிலுள்ள அச்சைச் சுற்றி ஸிலிண்டர்கள் நிற்கும். எஸ்-58-ல் உள்ள ரைட் ஸைக்ளோன் எஞ்சினுக்கு ஒன்பது ஸிலிண்டர்கள். 1,525 குதிரை சக்தி. அதை மூக்கிலே சாய்வாகப் பொருத்தி, விமானியை அதற்கு மேலே உட்கார வைத்திருக்கிறார்கள். மூக்கின் கதவுகளைத் திறந்தால் மெக்கானிக் தரையில் நின்றபடியே வேலை செய்யலாம். ஓய்ந்திருக்கும்போது எண்ணெய் கசிந்து அடி ஸிலிண்டர்களில் தேங்கும். அதைக் கவனியாமல் முடுக்கினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். ஆதலால் முதலில் சற்றுச் சுழற்றிப் பார்த்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். இந்த எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் பரிகாசம்.

இத்தனை உபத்திரவத்தை ஏன் சகிக்க வேண்டும்? இதற்குக் காரணம் பழமைமேல் காதல் அன்று, கணக்கு. செர்ரிப் பருவத்தில் ஹெலிகாப்டரின் முக்கியமான தொழில் காத்திருப்பது. வானம் வெளுத்திருந்தால் அது நாள் முழுதும் சும்மா நிற்கும். பெரும்பணம் போட்டு வாங்கிய புது யந்திரம் சும்மா நின்றால் வட்டி தின்றுவிடும். கிழட்டு யந்திரமோ பறக்கும்போது மட்டுந்தான் பெட்ரோல் குடிக்கிறது. அதிலும் எஸ்-58-ன் விசிறி 56 அடி விட்டமுள்ளது. ஒருமுறை போனால் அகலமான பட்டையை உலர்த்திவிடும். பல எஸ்-58-களுக்குப் பிற்காலத்தில் டர்பைன் எஞ்சின் பொருத்தினார்கள். பழைய இருதயத்தோடேயே இருப்பவை இப்படிப்பட்ட தொழில்களால்தான் பிழைத்திருக்கின்றன.

ஆனால் எத்தனை நாள்? மரத்தையொட்டித் தாழப் பறப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கம்பியிலும் கிளையிலும் சிக்கி விமானிகள் மாண்டதுண்டு. இந்த எஞ்சின்களைச் செய்வது நின்று பல பத்தாண்டுகள் ஆயின. ஒன்றைப் பிரித்துத்தான் மற்றொன்றுக்கு உறுப்பு தேட வேண்டும். இவை குடிக்கும் ஈயம் கலந்த பெட்ரோலை 2030-ம் வருஷ முடிவுக்குள் ஒழிக்க வேண்டுமென்று அமெரிக்காவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். ஈயப் புகை குழந்தைகளின் மூளைக்குக் கேடு. ஆகையால் அந்த இலக்கை நாம் குறைகூற மாட்டோம். ஈயமில்லாத பெட்ரோல் இந்தக் கிழங்களுக்கு ஒத்துக்கொண்டால் நல்லது.

நாம் அதிகமாகக் கவலைப்படுவது உறுப்புகளைப் பற்றியும் அன்று, பெட்ரோலைப் பற்றியும் அன்று. ஓசையைக் கேட்டே எந்த ஸிலிண்டரில் கோளாறு என்று சொல்லும் காதுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான். அந்த வித்தை புஸ்தகத்தில் முழுவதும் அடங்காது. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குத்தான் போக முடியும். வாங்கிக்கொள்ள இளங்கை நீளாவிட்டால், யந்திரம் நன்றாக இருக்கும்போதே அதற்கு ஆயுள் முடிந்துவிடும்.

நம் நாட்டுக்கும் இக்குலத்தோடு உறவு உண்டு. சுதந்திரம் பெற்ற ஏழாவது வருஷத்தில், 1954-ல், இந்திய விமானப் படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டர் எஸ்-55 தான். 1960 முதல் வந்த ருஷிய மி-4-லும் பதினான்கு ஸிலிண்டர் ரேடியல் எஞ்சினே இருந்தது. அவையெல்லாம் படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. இன்று நாமே ஹெலிகாப்டர் செய்கிறோம், மகிழ்ச்சிதான். ஆயினும், செய்யத் தெரிந்தவனுக்குப் போடும் மாலையில் ஒரு பூவையாவது, செய்ததைச் செம்மையாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கும் போட வேண்டாமா? "என் பிள்ளை எஞ்சினீயர்" என்று சொல்லும் அதே பெருமையோடு "என் பிள்ளை மெக்கானிக்" என்று நம் வீடுகளில் சொல்லும் நாள் வர வேண்டும். அந்த நாள் வந்தால், நாம் செய்கிற யந்திரங்களும் எழுபது வயதில் யாருடைய பயிரையாவது காத்துக்கொண்டிருக்கும்.