புதுப்பிக்க மறந்த கார்டு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நடுவுல புதுசா ஒரு ஆணி: வேலைவாய்ப்பு அலுவலக ஊழியர்களுக்கு ரெண்டு நாள் பிசினஸ் அனலிசிஸ் வகுப்பு எடுக்கச் சொன்னாங்க. நான் என்ன வேலை பார்க்கிறேன்னு எங்கம்மாவுக்கே சரியாத் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல என்னமோ' என்பார். அரசாங்கமே மதிச்சுக் கூப்பிடுதேன்னு சேலையூர்லேர்ந்து பைக்கைக் கிளப்பிட்டேன் :-)

"வர்றவர் கேட்கிறது ஒண்ணு, அவருக்கு நிஜமாத் தேவைப்படறது ஒண்ணு. பிரிச்சுப் பார்க்கிறதுதான் இந்த வேலை"ன்னு ஆரம்பிச்சேன். கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தாங்க. ரிட்டயர்மென்ட் நெருங்குற வயசு.

"எங்ககிட்ட வர்றவங்க கேட்கிறதும் வேலைதான், தேவைப்படறதும் வேலைதான் சார். அது மட்டும் எங்ககிட்ட இல்லை."

ஙே என்று முழித்தேன். அவங்க சொன்னது நிஜம். 1959-ல வந்த சட்டம் காலியிடத்தை இவங்களுக்குத் தெரிவிக்கணும்னுதான் சொன்னது, இவங்க பட்டியல்லேர்ந்தே ஆள் எடுக்கணும்னு சொல்லலை. பட்டியல் மட்டும் போதாது, பொது விளம்பரமும் கொடுக்கணும்னு 1996-ல உச்ச நீதிமன்றம் வேற சொல்லிடுச்சு.

ஸ்லைடை மூடிட்டு எங்க அக்கா கதையைச் சொன்னேன். டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சு 1996-ல பதிஞ்சா. மூணு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். 2002-ல பிரசவத்துக்கு வந்த இடத்துல மறந்துட்டா. கைக்குழந்தையோட தாம்பரத்துல பஸ் ஏறிப் போனா, 'கெடு முடிஞ்சுபோச்சு, புதுசா பதிஞ்சுக்கோங்க'ன்னுட்டாங்க. ஆறு வருஷ சீனியாரிட்டி காலி. திரும்பி வரும்போது அவ ஒரு வார்த்தை பேசலை.

போர்டுல எழுதினேன்: எதுக்காகப் புதுப்பிக்கச் சொல்றோம்?

"இன்னும் வேலை தேடறாங்களான்னு தெரிஞ்சுக்க" என்றார் ஒருத்தர்.

"அந்தப் பொண்ணு தேடிக்கிட்டுத்தானே இருந்தது?"

ஹால்ல சத்தமே இல்லை. அந்தம்மாதான் மெதுவாச் சொன்னாங்க. "அது வேலை வேண்டாம்னு சொல்லலை சார். நாமதான் அப்படி எழுதிக்கிட்டோம். முன்கூட்டியே ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தாப் போதும்."

நான் ரெண்டு நாள்ல சொல்லித்தர வந்ததை அவங்க ரெண்டு வரியில சொல்லி முடிச்சிட்டாங்க. இப்போ பதிவு, புதுப்பித்தல் எல்லாம் ஆன்லைன்லயே செய்யலாம். பஸ் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனா ஒரு விதி எதுக்காக வந்ததுன்னு கேட்காம, பழைய படிவத்தை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினா, அக்கா மாதிரி ஆட்கள் இன்னும் வேகமா விடுபட்டுப் போவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் எல்லாரும் அவங்கவங்க கவுன்ட்டர்ல தினம் கேட்கிற கேள்விகளைப் பட்டியல் போட்டாங்க. வேலை அவங்க கையில இல்லைதான். தனியார் வேலைவாய்ப்பு முகாம், போட்டித் தேர்வுக்கான தன்னார்வப் பயிலும் வட்டம்னு கையில இருக்கிறதை உரிய நேரத்துல சொல்ல முடியுமே.

ராத்திரி அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சிட்லப்பாக்கத்துல இப்போ ட்யூஷன் எடுக்கிறா. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தம்மா பேர் என்னடா?"ன்னு கேட்டா.

கேட்க மறந்துட்டேன்.