தீர்த்தமலையில் வெயிலும் நீரும்

தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே, மலைமேல் கோயில் கொண்டிருக்கிறார் தீர்த்தகிரீஸ்வரர். அம்மை வடிவாம்பிகை. இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் சிவபூசைக்கு நீர் வேண்டி அம்பெய்ய, பாறை பிளந்து பெருகியதே இராம தீர்த்தம் என்கிறது தலபுராணம். நீரே பெருமையாக விளங்கும் மலை இது.

சென்ற பங்குனியில் அடியேன் படியேறத் தொடங்கியபோது மணி பத்தைக் கடந்திருந்தது. பாதி வழியில் ஒரு மூதாட்டி தலை சுற்றி அமர்ந்துவிட்டார். "தரிசனம் முடியும்வரை தண்ணீரும் அருந்தமாட்டேன் என்று விரதம்" என்றார் உடன்வந்த மகள். நிழலில் அமர்த்தி, ஈரத்துணியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்து விசிறினோம். சற்றுத் தெளிந்ததும், மகளின் வற்புறுத்தலால் சிறிது சிறிதாக நீர் பருகினார். அன்று அவர் மலையேறவில்லை. அடிவாரக் கோயிலில் வணங்கித் திரும்பினார்.

முதுமையில் உடல் வறண்டாலும் தாகம் எளிதில் தோன்றாது. வியர்வை குறைவதால் உட்சூடு தணியாது. தோலும் மெலிந்திருப்பதால் வெயில் விரைவில் சுடும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்கி நீரைக் குறைக்கும். அத்தகையோர் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். நீரிழிவால் பாதம் மரத்தவர்க்குக் கல்தரை சுடுவதே தெரியாமல் கொப்புளம் கண்டுவிடும்.

ஆகவே விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். முழுக்கை பருத்தி ஆடையும் குடையும் தண்ணீர்ப் பாத்திரமும் துணை வரட்டும். தாகம் எடுக்காவிட்டாலும் அவ்வப்போது இரண்டு மிடறு பருகுங்கள். எவருக்கேனும் பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் நீர் புகட்டாமல், உடலை நனைத்து விசிறி, உடனே 108-ஐ அழையுங்கள்.

அக்கினி நட்சத்திர நாள்களில் சிவாலயங்களில் இலிங்கத் திருமேனிக்கு மேல் தாராபாத்திரம் கட்டி, துளித்துளியாக நீர் சொட்டச் செய்கிறோம். வீதியுலாவில் சுவாமிக்குக் குடை பிடிக்கிறோம். அவன் குடியிருக்கும் இவ்வுடலுக்குக் குடை பிடிப்பதும் நீர் வார்ப்பதும் விரத பங்கமாகுமா?

தகடூர் என்று அன்று பெயர் பெற்ற இந்த மண்ணை ஆண்ட அதியமான், நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான். நம் வீட்டு முதியோருக்கு நாம் ஈய வேண்டியது நிழலும் ஒரு குவளை நீரும்தான்.