'மே' என்பதும் 'ஷால்' என்பதும்

ஆங்கிலத் துணைவினைகள் உருவிற் சிறியவை. சட்டத்தில் அவை தாங்கும் சுமையோ பெரிது. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். விதியில் 'மே' என்றிருப்பின் மேலதிகாரி மனம் வைத்தால் தருவார். 'ஷால்' என்றிருப்பின் தந்தே ஆகவேண்டும். 'கொர்தே பாரே' என்றும் 'கொர்தே ஹொபே' என்றும் நம் வங்க நண்பர்கள் வேறுபடுத்திச் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

இச்சொற்களின் பிறப்பை நோக்கின் வேறுபாடு தெளிவாகும். 'மே' பழைய ஆங்கிலத்தில் ஆற்றல் உடைமையைக் குறித்த வினை. வலிமை எனப் பொருள்படும் 'மைட்' அதன் உறவு. 'ஷால்' கடன்பட்டிருத்தலைக் குறித்தது. கடன், குற்றம் என்னும் இருபொருள் தரும் 'ஷுல்ட்' என்ற ஜெர்மன் சொல் அதன் இனம். முன்னது கொடுப்பவனின் வலிமை. பின்னது கொடுப்பவனின் கடன். தமிழும் இவ்வழியே சென்றிருத்தல் வியப்பிற்குரியது. 'செய்யக் கடவன்' என்னும் பழைய ஆணைத்தொடரில் ஒலிப்பது கடனன்றோ?

இவ்விரு சொற்களுக்காக நம்மவர் நடத்திய வழக்காடல் ஒன்று உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் ஆட்சியில் தொடர இடமளித்தது. அதன்பின்னும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்வதற்கென 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் இருந்த சொல் 'மே'. மாநிலங்களவையில் இருந்த அறிஞர் அண்ணாவும் அவர்தம் கட்சியினரும் அதனை எதிர்த்தனர். 'தொடரலாம்' என்பதை நாளை வருவோர் 'தொடராமலும் இருக்கலாம்' எனக் கொள்வரே என்பது அவர்தம் அச்சம். இவ்விடத்தில் 'மே' என்பது 'ஷால்' என்றே பொருள்படும் என்றார் பிரதமர் நேரு. அங்ஙனமாயின் 'ஷால்' என்றே எழுதுக என்றனர் இவர்கள். சொல் மாறவில்லை.

1965ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழகம் கொந்தளித்தது. உயிர்கள் பல மாண்டன. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், பழைய 'மே'யை அகற்றாது அதன்கீழ் ஒரு வரம்புரை சேர்த்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் வழங்கவேண்டும் என்பது அது. அங்கே அமர்ந்திருக்கிறது 'ஷால்'. தமிழகம் வேண்டிப் பெற்ற அச்சொல்லின் நிழல் மேற்கு வங்கத்திற்கும் உண்டு. 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டிற்குச் செல்லா; மேற்கு வங்கத்தை அவை 'சி' மண்டலத்தில் வைத்து, மத்திய அலுவலகங்கள் மாநில அரசுக்கு ஆங்கிலத்திலேயே எழுதுமாறு பணிக்கின்றன.

ஆயினும் 'ஷால்' என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது எனக் கருதுதல் தகாது. அரசு ஊழியர்மீது நடவடிக்கை எடுக்குமுன் தேர்வாணையத்தைக் கலந்தாக வேண்டும் என அரசியலமைப்பின் 320ஆம் உறுப்பு 'ஷால்' இட்டுச் சொல்கிறது. அங்ஙனம் கலவாமையால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகாது என, உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவரின் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிய சொல்லுக்குப் பின்னும் காவல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

அக்காவல் நம் இல்லங்களில் எவ்வாறுள்ளது? கொல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகள் வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் பள்ளியிலும் தெருவிலும் பெறுகின்றனர். தமிழுக்கு இங்கே பிரிவும் இல்லை, வரம்புரையும் இல்லை. பெற்றோரின் வாய்ச்சொல்லே சட்டம். 'விரும்பினால் தமிழ் படிக்கலாம்' என்று பிள்ளையிடம் கூறுகையில் நாம் ஆள்வது 'மே'. அன்று ஒரு சொல்லை மாற்ற உயிர் தந்தவர்களும் பதவி துறக்க முன்வந்தவர்களும் இருந்தனர். வாரத்தில் ஒரு மாலை பிள்ளையின் அருகமர்ந்து அரிச்சுவடி விரிப்பது அத்துணை அரிய செயலன்று. அது பிள்ளைக்கு நாம் செய்யும் சலுகையுமன்று. நாம் பட்ட கடன்.