தொப்பிகள் வைத்த மேசை

டிசம்பர் முதல் புதன்கிழமை. அட்லாண்டாவை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கம். நீள மேசையில் மூன்று பல்கலைக்கழகங்களின் தொப்பிகள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் அமெரிக்கக் கால்பந்தில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். பன்னிரண்டாம் வகுப்பு, மீசை இப்போதுதான் அரும்புகிறது. எந்தத் தொப்பியைத் தலையில் வைக்கிறானோ, அந்தக் கல்லூரி. அரங்கத்துச் செல்போன்கள் அத்தனையும் அவன் கைமேல்தான்.

அம்மா தொப்பிகளைப் பார்க்கவில்லை. மடியிலிருக்கும் பழுப்பு உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருக்கிறார்.

மேசையில் கையெழுத்தாவது படிப்புச் செலவுக்கான உதவித்தொகைத் தாள். காசு பேசும் ஒப்பந்தம் அந்த உறைக்குள். 2021 ஜூலைக்கு முன் இப்படி ஓர் உறையே கிடையாது. தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கினால் ஆடும் தகுதியே போய்விடும். அதே பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க மிச்சிகன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். பெரிய கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். அந்த அநியாயம் ஒழிந்தது நல்லது, மிக நல்லது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்குத் தங்கள் வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். வெளி விளம்பர வருமானம் தனி.

“முட்டி போயிடுச்சுன்னா இந்தப் பணம் வருமா?” அம்மா பக்கத்தில் நிற்கும் ஏஜென்டிடம் மெல்லக் கேட்கிறார்.

“அதெல்லாம் பேசிக்கலாம்மா. முதல்ல கையெழுத்து ஆகட்டும்.”

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்தத் தாய் கேட்டார். பதில்தான் வரவில்லை. ஏஜென்டின் பங்கு எவ்வளவு என்பதும் கேட்க வேண்டியதுதான். தொழில்முறை லீக்கில் ஏஜென்ட் எடுக்கும் கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று வீரர்கள் சங்கம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இந்தப் பையனுக்குச் சங்கமும் இல்லை, நாடு முழுவதற்குமான வரம்பும் இல்லை. பேசிய பணம் வராமலே போனதும் உண்டு. ஜேடன் ரஷாடா என்ற இளம் வீரருக்குப் பேசிய 1.385 கோடி டாலர் ஒப்பந்தம் முறிந்து, கையெழுத்திட்ட புளோரிடா பல்கலைக்கழகத்தில் சேராமலே அவர் 2023-இல் விலக நேர்ந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

பையன் நடுத் தொப்பியை எடுக்கிறான். கூரை அதிரக் கைதட்டல்.

படிவரிசையின் கடைசியில் அதே அணியின் இன்னொரு பையனும் கைதட்டுகிறான். தடுப்பாட்டக்காரன், தோளில் இன்னும் பயிற்சிப் பை. போன வருடம் இவனுக்கும் இரண்டு கல்லூரிகள் ஆசை காட்டின. இப்போது அங்கிருந்து அழைப்பே இல்லை. வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடித் தேறியவனையே சம்பளம் பேசி இழுத்துவிடலாம் என்றான பிறகு, பதினேழு வயதுப் பையனை வளர்த்தெடுக்கப் பல கோச்சுகளுக்குப் பொறுமையில்லை. அணிக்கு 105 பேர் என்ற வரம்பும் சேர்ந்துகொண்டது. நட்சத்திரப் பையனுக்குக் கிடைத்த நியாயத்துக்கான விலையை இவன் கட்டுவது எந்த விதத்தில் சரி?

கூட்டம் கலைகையில் பள்ளி கோச் அவனருகே வந்து உட்காருகிறார்.

“ஜூனியர் காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடு. அப்புறம் பெரிய இடம் பார்ப்போம்.”

“அங்க ஃபீஸ் கட்டுவாங்களா கோச்?”

“எல்லா இடத்துலயும் கட்ட மாட்டாங்க. நான் பேசிப் பார்க்கிறேன்.”

அவன் போனைத் திறந்து அப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்கிறான்.