டைனமோ என்ற சொல்லும் ஐந்து மீட்டர் ஒயரும்

பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் மின்பணிப் பட்டறைகளில் ஆல்டர்னேட்டர் என்ற சொல் அரிதாகவே காதில் விழுகிறது. கன்னடம், தமிழ், தக்கணி உருது என எந்த மொழியில் பேச்சு நடந்தாலும் அந்தப் பொருளுக்குப் பெயர் டைனமோதான். உண்மையில் டைனமோ கார்களை விட்டு நீங்கி இரண்டு தலைமுறை ஆகிறது. அதில் சுழலும் சுருளிலிருந்து கம்யூட்டேட்டர் வழியாக நேர்மின்னோட்டம் வெளிவந்தது. ஆல்டர்னேட்டரிலோ நிலையாக நிற்கும் சுருளில் மாறுமின்னோட்டம் பிறந்து, டையோடுகளின் வழியே நேர்மின்னோட்டமாகத் திருத்தப்படுகிறது. சிலிக்கான் டையோடு மலிவான 1960களில் உலகின் கார்கள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மொழியில் இது அன்றாட நிகழ்வு. எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது எவருக்கும் எள் நினைவுக்கு வருவதில்லை, அதனால் எவருக்கும் தீங்கும் இல்லை. டைனமோவின் கதை வேறு. அந்தச் சொல் தன்னோடு ஒரு பழக்கத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒயரைக் கழற்றிப் பார்ப்பது அந்தப் பழக்கம். வண்டி நிற்காமல் ஓடினால் 'டைனமோ நல்லா இருக்கு' என்பது தீர்ப்பு. பழைய வண்டிகளில் இதனால் கெடுவதற்கு நுண்மின்னணு எதுவும் இருக்கவில்லை. இன்றைய வண்டியில், மின்னூட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்த பேட்டரி திடீரென விலகினால், சுருளின் காந்தப்புலம் உடனே அடங்காது. மின்னழுத்தம் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் பல பத்து வோல்ட்டுகள் எகிறும். முதலில் சாவது டையோடு. அடுத்துச் சாவது எஞ்சினை ஆளும் கணினியாக இருக்கலாம். ஆல்டர்னேட்டர் பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் பெரிதாகிறது.

பெரிய ஆல்டர்னேட்டரைத் தேடி ஜே.சி. ரோட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பாட்டுப் பித்தர்கள். அப்படி வந்தவர்தான் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மென்பொருள் இளைஞர் ஒருவர். அவருடைய பழைய ஹாட்ச்பேக்கின் பின்பெட்டியில் ஒரு சப்வூஃபரும், 1000 வாட் ஆம்பிளிஃபயரும் குடியேறியிருந்தன. நெடுஞ்சாலையில் எல்லாம் இனிமை. சில்க் போர்டு சந்திப்பில் நின்றால் மட்டும் ஒவ்வொரு தாளத்துக்கும் முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிந்தது. ஓர் இரவு நெரிசலுக்கு நடுவே அணைந்த எஞ்சின் மறுபடி கிளம்பவில்லை. தெரியாதவர்கள் நால்வர் தள்ளிக் கொடுத்தார்கள்.

கணக்கு எளியது. 1000 வாட் ஒலியை வெளியிட, நல்ல டி வகை ஆம்பிளிஃபயருக்கும் 1250 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது ஏறத்தாழ 90 ஆம்பியர். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை. சராசரி இதைவிடக் குறைவே. ஆனால் குளிர்சாதனம், விளக்கு, மின்விசிறி ஆகியவை ஏற்கெனவே தம் பங்கைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நூறு ஆம்பியரைத் தொடுவதே இல்லை. அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணும் அது வேகமாகச் சுழலும்போது தருவதே. எஞ்சின் 800 சுற்றில் முனகிக்கொண்டு நிற்கையில் அந்த எண்ணின் பாதி கிடைத்தாலே பெரிது. மீதியைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. நெரிசலையே நெடுஞ்சாலையாகக் கொண்ட இந்த ஊரில், ஆல்டர்னேட்டர் வாங்குபவர் பார்க்க வேண்டியது உச்ச ஆம்பியரை அல்ல. வண்டி நிற்கும்போது கிடைக்கும் ஆம்பியரை. விற்பவர்கள் இதை முதலில் சொல்வதில்லை.

அவருக்கு முதலில் வேறொரு கடை விற்றது ஒரு ஃபாரட் மின்தேக்கி. பளபளப்பான குழாய், நீல நிற எண்கள். மின்னழுத்தம் 13.8இலிருந்து 12.8க்கு இறங்கும்போது அது விட்டுக்கொடுக்கும் ஆற்றல் சுமார் 13 ஜூல். அந்த ஆம்பிளிஃபயருக்கு நூறில் ஒரு வினாடித் தீனி! அதே கடை இழுத்துக் கொடுத்த தடித்த ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான்.

இங்கே ஒரு பழைய செய்தி பொருந்தும். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. 1905இல் பெங்களூருத் தெருக்களும் அதே நீரால் ஒளி பெற்றன. கோலார்க் கம்பியின் நீளம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தியதால் மின்னோட்டம் சிறுத்தது. கம்பியில் இழப்பும் சிறுத்தது. காரில் அந்த வசதி இல்லை. 12 வோல்ட் வண்டியில் ஐந்து மீட்டரே பெரும் தொலைவு. 16 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 90 ஆம்பியர் ஓடினால் அந்த ஐந்து மீட்டரில் அரை வோல்ட் தொலைகிறது. 50 சதுர மி.மீ. ஒயரில் அது 0.15 வோல்ட்டாகச் சுருங்குகிறது.

வேலையை ஏற்றுக்கொண்ட எலக்ட்ரீஷியன் சிவாஜிநகர்த் தமிழர், அறுபதைக் கடந்தவர். அவரும் டைனமோ என்றே சொல்கிறார். ஆனால் இளைஞர், "அண்ணா, ஓடும்போதே ஒயரைக் கழட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டதும் அவர் கை நின்றது. "அது அந்தக் காலத்து டைனமோ சார். இது அது இல்ல. மீட்டர் எதுக்கு இருக்கு?" என்றார். பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

முதலில் அவர் கழற்றியது பேட்டரியின் நெகட்டிவ் முனையை. அதன் பிறகே ஸ்பேனர் ஆல்டர்னேட்டரைத் தொட்டது. பெரிய வண்டி ஒன்றின் 150 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்காகத் தாங்கியைத் திருத்திப் பொருத்தினார். பிறகு மூன்று தடித்த செம்பு ஒயர்கள்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஒன்று, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒன்று. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போன மின்னோட்டம் திரும்பி வர வழி வேண்டும் என்பது ஏனோ மறந்துபோகிறது. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் மின்னும் வரை தேய்த்தார். ஆல்டர்னேட்டரைக் கணினியே கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இப்படி மாற்றிவிட முடியாது என்றும், நெகட்டிவ் முனையில் உணரி இருந்தால் ஆம்பிளிஃபயரின் எர்த்தை முனையில் நேராகக் கட்டாமல் பாடியில்தான் பிடிக்க வேண்டும் என்றும் இடையிடையே சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் மிக அதிக நேரம் செலவிட்டது ஃபியூஸில். பின்பெட்டிக்குப் போகும் ஒயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று. ஆல்டர்னேட்டர் ஒயரில், பேட்டரிப் பக்கம், 200 ஆம்பியரில் இன்னொன்று. ஃபியூஸ் காப்பது ஆம்பிளிஃபயரை அல்ல, ஒயரை. தகட்டின் விளிம்பில் உரசி உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயரில் கொட்டும், உறை பற்றிக்கொள்ளும். பழைய ஒயரில் ஃபியூஸ் பின்பெட்டியில், ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவிலிருந்த ஐந்து மீட்டருக்குக் காவலே இல்லை. தடுப்புத் தகட்டின் துளையில் ரப்பர் வளையமும் இல்லை. உறை பாதி தேய்ந்திருந்தது. அந்த இடத்தை அவர் விரலால் தடவிக் காட்டினார். இளைஞர் வெகுநேரம் பேசவில்லை. பின்னிருக்கையில் குழந்தை இருக்கை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

மாலையில் மீட்டரைப் பேட்டரியில் வைத்து, விளக்கும் குளிர்சாதனமும் பாட்டும் ஒருசேர ஓட, எஞ்சினை நின்ற வேகத்திலேயே விட்டுப் பார்த்தார்கள். எண் 13க்குக் கீழே இறங்கவில்லை. பெல்ட் மட்டும் ஒரு கணம் கீச்சிட்டது. புதுப் பெல்ட் கொஞ்சம் நீளும், பத்து நாள் கழித்து வந்து இறுக்கிக்கொண்டு போங்கள், அதுவரை வால்யூமைப் பாதியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.